மூன்று பல்பு, ஐந்து படி

இரண்டாம் ஆண்டு இயற்பியல் வகுப்புக்கு வைத்த இன்டர்னல் தேர்வில் 10 மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தேன். ஒரே மாதிரியான மூன்று பல்புகள், ஏ, பி, சி. மூன்றும் ஒரு பேட்டரியோடு வரிசையாக, தொடரிணைப்பில் இருக்கின்றன. சி பல்புக்கு மட்டும் இணையாக ஒரு சுவிட்ச். சுவிட்ச் திறந்திருக்கும்போது மூன்றும் ஒரே அளவில் எரிகின்றன. சுவிட்சை மூடினால் ஒவ்வொரு பல்பின் வெளிச்சமும் என்ன ஆகும்? பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் என்ன ஆகும்? ஏன்?

கணக்கே போட வேண்டாத கேள்வி இது. சுவிட்ச் மூடியதும் மின்னோட்டம் சி-யை விட்டுவிட்டு சுவிட்ச் வழியாகவே போய்விடும், சி அணைந்துவிடும். ஒவ்வொரு பல்பும் மின்னோட்டத்துக்கு ஒரு தடை; மூன்று தடை இருந்த இடத்தில் இப்போது இரண்டுதான். பேட்டரியின் வோல்டேஜ் மாறவில்லை, ஆகவே மின்னோட்டம் ஒன்றரை மடங்காகும். ஏ-யும் பி-யும் முன்னைவிடப் பளிச்சென்று எரியும். அவ்வளவுதான்.

திருத்தும்போது அடுத்தடுத்து இரண்டு விடைத்தாள்கள் கைக்கு வந்தன. முதலாவது, வகுப்பில் எப்போதும் முதலிடம் வாங்கும் பெண்ணுடையது. ஒன்றரைப் பக்கம். ஓம் விதி, அடிக்கோடிட்டு. தொடரிணைப்பில் மொத்தத் தடைக்கான சூத்திரம், பெட்டி கட்டி. மின்சுற்றுகளுக்கான கிர்க்காஃப்பின் இரண்டு விதிகள். ஸ்கேல் வைத்துப் போட்ட அழகான படம். சி அணைந்துவிடும் என்று சரியாக எழுதியிருந்தாள். கடைசியில், தொடரிணைப்பில் மின்னோட்டம் எங்கும் ஒரே அளவுதான், ஆகவே ஏ, பி பல்புகளின் வெளிச்சம் மாறாது என்று முடித்திருந்தாள்.

இரண்டாவது தாள் பின்வரிசைப் பையனுடையது. ஆங்கிலத்தில் மூன்றே வரி, அதுவும் தட்டுத் தடுமாறி. சி அணையும். ஏ, பி அதிகமாக எரியும். பேட்டரி சீக்கிரம் தீரும்.

எங்கள் துறையில் கேள்வித்தாளோடு சேர்த்து 'கீ'யும், அதாவது எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற பட்டியலும், எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நான் எழுதியிருந்த கீ இது: ஓம் விதி 2, தொடரிணைப்புச் சூத்திரம் 2, படம் 2, சி பற்றிச் சரியான விடை 2, ஏ-பி பற்றிக் காரணத்தோடு விடை 2. அதன்படி அந்தப் பெண்ணுக்கு 8. பையனுக்கு சி-க்கு 2, காரணம் சொல்லாததால் ஏ-பிக்கு 1, ஆக 3. பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதற்கு என் கீயில் இடமே இல்லை.

8-ஐயும் 3-ஐயும் போட்டுவிட்டு ஒரு நிமிடம் அந்த இரண்டு தாள்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வி எதற்காகக் கேட்கப்பட்டதோ, அதை மூன்று வரிக்காரன் பிடித்திருக்கிறான். ஒன்றரைப் பக்கம் எழுதியவள் தவறவிட்டிருக்கிறாள். மதிப்பெண் நேர்மாறாகச் சொல்கிறது. கூட்டலில் பிழை இல்லை. கீ எழுதியதும் நானேதான்.

மறுநாள் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "காரணம் ஏன்பா எழுதல?" என்று கேட்டேன்.

"எழுத வரல மேம்" என்றான்.

"சரி, எழுத வேண்டாம். தமிழ்ல சொல்லு."

அப்புறம் அவன் சொன்னதைக் கூடியவரை அப்படியே தருகிறேன். "எங்க சித்தப்பா திருவிழாவுக்கு சீரியல் செட்டு போடுவாரு மேம். பழைய குண்டு பல்பு செட்டுல ஒரு பல்பு பியூஸ் போனா மொத்த வரிசையும் அணைஞ்சிரும். அந்த பல்ப வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் முறுக்கி விட்டா மறுபடி எரியும். ஒண்ணு முறுக்குனா ஒண்ணும் தெரியாது. நாலஞ்சு முறுக்கிட்டா மிச்சதெல்லாம் பளிச்சுனு எரியும், ஆனா சீக்கிரமே போயிரும். நீங்க கேட்ட சுவிட்சு அந்த முறுக்குதான மேம்? நாப்பதுல ஒண்ணு போனா தெரியாது, மூணுல ஒண்ணு போனா நல்லாவே தெரியும்."

ஆறு வோல்ட் பல்புகளைச் சுமார் நாற்பது கோத்து 230 வோல்ட்டில் எரிய விடுவதுதான் அந்த சீரியல் செட். நாற்பதில் ஒன்று குறைந்தால் மற்றவற்றுக்கு வோல்டேஜ் இரண்டரை சதவீதம் போலத்தான் கூடும்; கண்ணுக்குத் தெரியாது. மூன்றில் ஒன்று குறைந்தால் ஒவ்வொன்றுக்கும் வோல்டேஜ் ஒன்றரை மடங்கு. ஒரு சுற்றிலிருந்து எடுத்த கருத்தை வேறொரு சுற்றுக்குக் கொண்டுபோய், எண்ணிக்கை கூடினால் விளைவு எப்படி மாறும் என்பது வரை அவன் யோசித்திருக்கிறான். பாடப்புத்தகத்தில் அது இல்லை. என் நோட்ஸிலும் இல்லை.

எங்கள் கேள்வித்தாள்களில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே1, கே2 என்று ஒரு கட்டம் இருக்கும். கல்லூரியில் பாடம் எடுப்பவர்களுக்குத் தெரிந்த கட்டம்தான். நினைவுகூர்தல் கே1, புரிதல் கே2, பயன்படுத்துதல் கே3, பகுத்தல் கே4, மதிப்பிடுதல் கே5, படைத்தல் கே6. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமின் பெயரால் வழங்கும் வகைப்பாடு இது. இதன் பிறப்பு நமக்குப் பழக்கமான சூழலில்தான் நடந்தது. 1948-ல் பாஸ்டனில் நடந்த அமெரிக்க உளவியல் சங்க மாநாட்டில் கல்லூரித் தேர்வாளர்கள் சிலர் கூடினார்கள். அவரவர் பல்கலைக்கழகத்தில் தயாரிக்கும் கேள்விகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்கு எந்தக் கேள்வி எதைச் சோதிக்கிறது என்று சொல்லப் பொதுவான பெயர்கள் வேண்டும். அந்தப் பேச்சு வளர்ந்து 1956-ல் புளூமின் தலைமையில் நூலாக வந்தது. 2001-ல் ஆண்டர்சனும் கிராத்வாலும் அதைத் திருத்தினார்கள். நாம் இன்று கட்டத்தில் எழுதுவது அந்தத் திருத்திய வரிசை.

இந்தக் கட்டம் நம் கேள்வித்தாளுக்கு வந்த கதை வேறு. பொறியியல் படிப்புகளின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014-ல் இந்தியா நிரந்தர உறுப்பினரானது. மாணவர் என்ன கற்று வெளியேறுகிறார் என்பதைக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் முதலில் பொறியியல் கல்லூரிகளுக்கு வந்தது. 2018-ல் தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏஐசிடிஇ தேர்வுச் சீர்திருத்த அறிக்கை வெளியிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் ஆகியவற்றின் வழியாகக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் அது வந்து சேர்ந்தது. இதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கட்டம் வருவதற்கு முன் எத்தனையோ கேள்வித்தாள்கள் முழுக்க முழுக்க 'வரையறு', 'எழுதுக' என்றே இருந்தன. கட்டத்தை நிரப்ப வேண்டும் என்ற நெருக்கடியில்தான் பலர் முதல்முறையாகக் கொஞ்சம் யோசித்துக் கேள்வி எழுதினார்கள். நானும் அப்படித்தான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வகைப்பாடு கேள்விகளை அடுக்குவதற்காகப் பிறந்தது. கே4 என்பது கேள்வியின் தலையில் ஒட்டிய சீட்டு. விடையில் என்ன நடந்தது என்று அது சொல்லாது. 'பகுத்தாய்க' என்று ஒரு கேள்வி வருகிறது. அதற்கான விடை ஜெராக்ஸ் கடை நோட்ஸில் நான்கு பத்தியாக இருக்கிறது. பிள்ளை அதை உருப்போட்டு அப்படியே இறக்கிவிடுகிறது. நடந்தது கே1. நம் எக்செல் தாளில் கே4 எட்டப்பட்டது என்று பதிவாகிறது. வருடா வருடம் இது நடக்கிறது, அதை வைத்துச் சதவீதம் போடுகிறோம், கோப்பில் வைக்கிறோம். எனக்கு இது உண்மையிலேயே கவலை தருகிற விஷயம். அந்தப் பிள்ளைகளுக்குப் புரிந்ததா இல்லையா என்பது யாருக்கும் தெரியாமலே மூன்று வருடம் ஓடிவிடுகிறது.

விடையிலிருந்து தொடங்கும் வகைப்பாடு ஒன்று உண்டு. ஜான் பிக்ஸ், கெவின் காலிஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலியக் கல்வியாளர்கள் 1982-ல் வெளியிட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'சோலோ' என்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற கற்றல் விளைவின் கட்டமைப்பு என்று அதற்குப் பொருள் சொல்லலாம். 'கண்ணுக்குத் தெரிகிற' என்ற சொல்தான் இதில் முக்கியம்.

அவர்கள் சுவிஸ் உளவியலாளர் பியாஜேயிலிருந்து தொடங்கினார்கள். குழந்தையின் சிந்தனை வயதோடு படிப்படியாக வளர்கிறது, இன்ன வயதில் இன்ன நிலை என்பது பியாஜேயின் கோட்பாடு. பிள்ளைகளின் விடைகளை எடுத்து அந்த நிலைகளில் அடுக்கப் பார்த்தபோது ஒரு சிக்கல் வந்தது. கணக்கில் மேல்நிலையில் எழுதும் அதே பிள்ளை புவியியலில் கீழ்நிலையில் எழுதுகிறது. அதே பாடத்தில்கூட வேறொரு நாள் வேறு மாதிரி எழுதுகிறது. அப்படியானால் அந்தப் பிள்ளை எந்த நிலை? பிக்ஸும் காலிஸும் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டார்கள். பிள்ளையின் தலைக்குள் இருக்கும் நிலை நம் ஊகம். நம் முன்னால் இருப்பது ஒரு விடை. இந்தக் கேள்விக்கு, இன்று, இந்தப் பிள்ளை எழுதிய இந்த விடை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று மட்டும் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குள் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது போலிருந்தது. நாம் பேசுவதைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். 'அவ கே4 லெவல் ஸ்டூடண்ட்', 'அவன் ஜஸ்ட் பாஸ் கேஸ்', 'ஸ்லோ லேர்னர் லிஸ்ட்ல போட்டுருங்க'. எல்லாமே ஆளின் மீது ஒட்டும் சீட்டுகள். படி விடைக்குத்தான். ஆளுக்கு இல்லை.

சோலோவில் ஐந்து படிகள். நானும் பக்கத்து இருக்கை ஆசிரியையும் அவற்றுக்கு எங்களுக்குள் பூக்கடைப் பெயர்கள் வைத்துக்கொண்டோம். முதல் படியில் விடை இன்னும் கேள்வியைத் தொடவில்லை. 'சுவிட்சை மூடினால் பல்புகளில் மாற்றம் ஏற்படும்' என்று கேள்வியையே திருப்பி எழுதிய தாள்கள் அந்தக் கட்டில் நான்கைந்து இருந்தன. இரண்டாம் படி ஒற்றைப் பூ: சரியான ஒரு விஷயம், அதோடு சரி. 'சி அணையும்'. மூன்றாம் படி உதிரிப்பூ. நிறைய இருக்கிறது, எல்லாமே நல்ல பூ, ஆனால் கூடையில் உதிரியாகக் கிடக்கிறது. ஓம் விதி ஒரு பக்கம், சூத்திரம் ஒரு பக்கம், கிர்க்காஃப் ஒரு பக்கம். ஒன்று இன்னொன்றைப் பிடித்து இழுக்கவில்லை. நான்காம் படி தொடுத்த பூ. அதே விஷயங்கள்தான், இடையே நார் ஓடுகிறது. தடை குறைந்தது, வோல்டேஜ் மாறவில்லை, அதனால் மின்னோட்டம் கூடியது, அதனால் வெளிச்சம் கூடியது. ஐந்தாம் படியில் அந்தச் சரம் கேள்வியைத் தாண்டி வேறோர் இடத்துக்குப் போகிறது. சித்தப்பாவின் சீரியல் செட் மாதிரி. அல்லது, தடை மாறாது என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு பல்பின் திறனும் 2.25 மடங்காக வேண்டும், ஆனால் இழை சூடானால் அதன் தடையே கூடும், ஆகவே உண்மையில் அந்த அளவுக்குக் கூடாது என்று யோசிக்கிற விடை. அப்படி ஒரு விடை எனக்கு இன்னும் வரவில்லை. வரும் என்று காத்திருக்கிறேன்.

முதல் மூன்று படிகளும் எண்ணிக்கையில் ஏறுகிறவை. இல்லை, ஒன்று, பல. மூன்றிலிருந்து நான்குக்கு ஏறுவது வேறு வகை. அங்கே புதிதாக ஒரு பூகூடச் சேர வேண்டியதில்லை; இருப்பதைத் தொடுத்தால் போதும். இப்போது என் கீயைத் திரும்பப் பாருங்கள். ஓம் விதி 2, சூத்திரம் 2, படம் 2. பூவை எண்ணிக் காசு கொடுக்கும் கீ அது. நாருக்கு அதில் காசு கிடையாது. 'பாயிண்டுக்கு ஒரு மார்க்' என்று நாம் சொல்லும்போதே உதிரிப்பூதான் வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஸ்வீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டனும் சால்யோவும் 1976-ல் வெளியிட்ட ஆய்வுகளும் இதைத்தான் காட்டின. ஒரே கட்டுரையைப் படித்தாலும் சிலர் வாசகத்தை நினைவில் வைக்கப் படிக்கிறார்கள், சிலர் ஆசிரியர் என்ன சொல்ல வருகிறார் என்று தேடிப் படிக்கிறார்கள். எப்படிப்பட்ட கேள்வி வரும் என்று எதிர்பார்க்கிறார்களோ, அதைப் பொறுத்துப் படிக்கும் முறையும் மாறுகிறது. முதல் மாணவி அந்தக் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியதற்கு அவள் காரணமில்லை. இரண்டு வருடமாக நாங்கள் கேட்டதைத்தான் அவள் கொடுத்தாள்.

அந்தப் பல்புக் கேள்வி நான் உண்டாக்கியது அல்ல. ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மஸூருடையது. அவருக்கும் இதே அதிர்ச்சி கிடைத்தது. அவர் மாணவர்கள் தேர்வில் நன்றாகவே எழுதினார்கள். அவரும் நல்ல ஆசிரியர் என்று பெயர் வாங்கியிருந்தார். 1990-ல், விசையைப் பற்றி அன்றாட மொழியில் கேள்வி கேட்கும் ஒரு கருத்துத் தேர்வை அவர்களுக்கு வைத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி எழுதட்டுமா, நான் இதைப் பற்றி நினைக்கிறபடி எழுதட்டுமா என்று கேட்டாளாம். பிறகு ஒரே தேர்வில் இரண்டு மின்சுற்றுக் கேள்விகள் வைத்துப் பார்த்தார். ஒன்று கிர்க்காஃப் விதியைக் கொண்டு சமன்பாடு எழுதித் தீர்க்கும் வழக்கமான கணக்கு. இன்னொன்று இந்த மூன்று பல்பு. கடினமான கணக்கில் வாங்கியதைவிடப் பல்புக் கேள்வியில் மாணவர்கள் குறைவாகத்தான் வாங்கினார்கள். ஏதோ நம் ஊர் மனப்பாடப் பழக்கம் மட்டும்தான் இதற்குக் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு திருத்தம்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் வேறொன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசி நான் கேட்டதில்லை.

மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையே இருப்பது என்ன? சின்னச் சின்னச் சொற்கள்தான். அதனால், ஆகவே, இருந்தாலும், அப்படியானால், ஒழிய. நார் என்று சொன்னேனே, அது இந்தச் சொற்களில்தான் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைக்கு முதலில் கைவிட்டுப் போவதும் இந்தச் சொற்கள்தான். ரெசிஸ்டன்ஸ், கரண்ட், வோல்டேஜ் எல்லாம் அதற்குத் தெரியும். சூத்திரம் எந்த மொழியிலும் ஒன்றே. ஆனால் 'இது குறைந்தாலும் அது மாறாததால்' என்ற ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் கட்ட அதற்கு வராது. அதனால் துண்டு துண்டாக எழுதும். திருத்துகிற நமக்கு அது உதிரியாகத் தெரியும். பிள்ளை தலைக்குள் தொடுத்து வைத்திருந்த சரத்தை, ஆங்கில வாசலில் நாம் அவிழ்த்து வாங்குகிறோம்.

இதைச் சோதித்துப் பார்க்க, அதே கேள்வியை மதிப்பெண் இல்லாமல், தமிழிலோ தமிழும் ஆங்கிலமும் கலந்தோ எழுதலாம் என்று சொல்லி வகுப்பில் கொடுத்தேன். ஒருவர் போட்டதை ஒருவர் பார்க்காமல் நானும் பக்கத்து இருக்கை ஆசிரியையும் தனித்தனியாகப் படி போட்டோம். முதல் தேர்வில் ஒற்றைப் பூவாக எழுதிய சிலர் இப்போது நேராக நான்காம் படியில் எழுதியிருந்தார்கள். இடையில் நான் பாடம் எதுவும் நடத்தவில்லை. பிள்ளைகள் தங்களுக்குள் பேசியிருப்பார்கள், அது உண்மைதான். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டே சொல்கிறேன். இன்னொரு பக்கம், தமிழில் எழுதியும் உதிரியாகவே எழுதியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு மொழி தடையில்லை, பாடம்தான் இன்னும் ஏறவில்லை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நான் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு. முந்தைய தேர்வில் இரண்டு கூட்டமும் 3, 4 என்று ஒரே மதிப்பெண் வாங்கி ஒரே பட்டியலில் இருந்தார்கள்.

சோலோவிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. நாங்கள் இருவரும் போட்ட படிகள் எல்லாத் தாளிலும் ஒத்துப்போகவில்லை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே வரும் தாள்களில்தான் தகராறு. 'அதனால்' என்று எழுதிவிட்டால் மட்டும் தொடர்பு வந்துவிடுமா என்பார் அவர். நியாயம்தான், 'மின்னோட்டம் ஒரே அளவு, ஆகவே வெளிச்சம் மாறாது' என்று எழுதிய முதல் மாணவியின் விடையிலும் 'ஆகவே' இருந்தது. அப்புறம், நேரம். ஒரு கேள்விக்கு இப்படி உட்கார்ந்து படிக்க முடிகிறது; செமஸ்டர் திருத்தும் முகாமில் கட்டுக் கட்டாகத் தாள் வந்து விழும்போது நடக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொடுத்த விடையையும் உருப்போடலாம். இந்தப் பல்புக் கேள்வியையே அடுத்த வருடம் கேட்டால், 'தடை குறைந்தது, அதனால்' என்ற வரி நோட்ஸில் ஏறிவிடும். அதற்குப் பிறகு அது எந்தப் படி விடை என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. கேள்வி புதிதாக இருக்கும் வரைதான் படி உண்மையைச் சொல்லும். ஆகவே ஒவ்வொரு முறையும் புதுக் கேள்வி யோசித்தாக வேண்டும். கட்டத்தில் கே4 என்று எழுதுவதைவிட நூறு மடங்கு கஷ்டமான வேலை அது.

இருந்தாலும் இரண்டாவது இன்டர்னலுக்கு என் கீயை மாற்றினேன். துறைத்தலைவரிடம் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டேன். விதி, சூத்திரம், படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 4. காரணங்களைத் தொடுத்துச் சொன்னால் 4. வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனால் 2. தமிழில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளப்படும் என்று கேள்வித்தாளிலேயே போட்டேன். பையனுடைய பழைய 3-ஐ மாற்ற எனக்கு வழியில்லை, பட்டியல் போய்விட்டது. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

இந்த முறை கரண்ட் அடுப்பின் காயிலைப் பற்றிக் கேட்டேன். காயில் நடுவில் அறுந்துவிட்டது. பாதியை எடுத்துவிட்டு மீதிப் பாதியை அதே 230 வோல்ட்டில் இணைக்கிறார்கள். அடுப்பு முன்னைவிட அதிகம் சூடாகுமா, குறைவாகவா, ஏன்?

அந்த முதல் மாணவி இந்த முறை அரைப் பக்கம்தான் எழுதியிருந்தாள். தமிழில். நீளம் பாதியானதால் தடையும் பாதி. வீட்டு இணைப்பின் வோல்டேஜ் மாறவில்லை. எனவே மின்னோட்டம் இரட்டிப்பாகும், வெப்பமும் இரட்டிப்பாகும். ஆனால் கம்பி அதைத் தாங்காமல் சீக்கிரம் மறுபடி அறுந்துவிடலாம். இரண்டு இடத்தில் எழுதி அடித்துத் திருத்தியிருந்தாள். அவள் தாளில் அடித்தல் திருத்தலை நான் பார்த்ததே இல்லை. விடை முடிந்த பிறகு, மார்ஜினுக்கு வெளியே, பென்சிலில், சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது.

"அப்படின்னா போன டெஸ்ட்ல ஏ, பி ரெண்டும் வெளிச்சம் கூடித்தானே இருக்கணும் மேம்?"